அரைக் கீ

மோட்டார் பட்டறையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடிமேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடுவாள். "உள்ள ஒரு குண்டு உரசுது, பிரி" என்பாள். பிரித்தால் உரசியிருக்கும்.

"அக்கா இருக்கிற வீட்டுல எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ! அடுத்த தெருவுல முணுமுணுத்தாலே விழுந்துடும்" என்பான் ஃபிட்டர். அதுவும் விழும்.

அவள் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் அல்ல. செம்புக் கம்பி சுற்றும் பெண்களின் வரிசையில் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். ரோட்டர் பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாரும்மா" என்று சூப்பர்வைசர் அவளைக் கொண்டுபோய் அந்த இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். வேறு ஆளை அவர் தேடவே இல்லை.

மோட்டாருக்குள்ளே சுற்றுகிற உருளைதான் ரோட்டர். அதை இரண்டு தாங்கிகளின்மேல் படுக்கவைத்து, வார் போட்டுச் சுழற்றுவாள். எந்தப் பக்கம் கனம் என்று இயந்திரத்தின் முள் காட்டும். கனத்த பக்கத்தில் துளை போட்டு இரும்பைக் குறைப்பாள். இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் ஒரு வாஷரை அடித்து ஏற்றுவாள். மறுபடி சுழற்றுவாள். முள் அசையாமல் நிற்கும்வரை விடமாட்டாள். கனம் ஒரு பக்கம் ஒதுங்கிய ரோட்டர் சுற்றச் சுற்ற மோட்டாரை உதறும். உதறல் அடிப்பலகைக்கு இறங்கும், பலகையிலிருந்து சுவருக்குப் போகும், கடைசியில் யாரோ ஒருவருடைய தூக்கத்தைக் கெடுக்கும். "மோட்டார் ஓடுதான்னு கையை வச்சுப் பாத்துத்தான் தெரியணும். அதான் வேலை" என்று அவள் சொல்வதுண்டு. சொல்லும்போது முகவாய் கொஞ்சம் உயரும்.

வீட்டில் மூன்று பேர் சம்பாதித்தார்கள், ஒருவர் ஓய்வெடுத்தார். ஓய்வெடுத்தவர் அவள் கணவர். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி, இன்ஜின் பக்கத்துக் காது மந்தமாகிப்போனவர். "எனக்கு ஊர்ச் சத்தம் ஒண்ணும் கேக்காது. இவ சத்தம் மட்டும் கேக்கும். அதுக்கு எந்தக் காதுன்னு தெரியல" என்பார். மகன் வேன் ஓட்டினான். மருமகள் அதே பட்டறையில் வேலை செய்தாள்.

மருமகளைத் தேர்ந்தெடுத்தது பாம்புக்காதுதான். தொழிற்கல்வி முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த பெண். மோட்டார் முனையில் மாட்டும் விசிறிச் சக்கரங்களை பேலன்ஸ் செய்யும் மேசையில் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். டேப் சுற்றினால்கூட ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் பாதி ஏறியிருக்கும், பிசிறு இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "பொண்ணுக்குக் கை சுத்தம். வேற என்னடா வேணும்?" என்று மகனிடம் கேட்டாள். அவனுக்கும் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பட்டறை முழுக்க அந்தப் பெண்ணை "மருமகளே" என்று கூப்பிட ஆரம்பித்தது. காவலாளிகூட.

சிக்கல் ஒரு சின்ன இரும்புத் துண்டில் தொடங்கியது.

சக்கரம் தண்டில் வழுக்காமல் இருக்க, தண்டில் பாதியும் சக்கரத்தில் பாதியுமாக ஒரு பள்ளம் வெட்டி, நடுவே ஒரு இரும்புத் துண்டைச் செருகுவார்கள். அதற்குக் கீ என்று பெயர். ரோட்டரைத் தனியாகச் சுழற்றும்போது அந்தப் பள்ளத்தில் என்ன வைப்பது என்பதில்தான் விஷயம். முன்பெல்லாம் பாம்புக்காது முழுக் கீயை வைத்து பேலன்ஸ் செய்வாள். சக்கர மேசையில் இருந்தவர் கீயே இல்லாமல் செய்வார். கீயின் எடையை அவள் கணக்கில் சேர்த்துவிடுவதால், இரண்டையும் மாட்டினால் சரியாக இருக்கும். சக்கர மேசைக்கு மருமகள் வந்ததை ஒட்டி, சூப்பர்வைசர் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, முறையை மாற்றுவதாகச் சொன்னார். இனிமேல் இரண்டு மேசையிலும் அரைக் கீ. தண்டுக்குச் சேர்ந்த பாதியை ரோட்டர்க்காரர் பார்க்கணும், சக்கரத்துக்குச் சேர்ந்த பாதியைச் சக்கரக்காரர் பார்க்கணும். எல்லோரும் தலையாட்டினார்கள். பாம்புக்காதுதான் முதலில் ஆட்டினாள்.

அரைக் கீ சுலபமான சாமான் இல்லை. முழுக் கீயைத் தட்டி இறுக்கிவிடலாம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்துக் கழற்றிவிடலாம். அரைக் கீ பள்ளத்துக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். இறுக்கினால் கழற்ற முடியாது, தளர்த்தினால் நிற்காது. டேப் சுற்றித்தான் கட்டவேண்டும். இரண்டாம் நாளே அது சுழற்சியில் டேப்பைக் கிழித்துக்கொண்டு பறந்து, தகரச் சுவரில் டமாரென்று அடித்தது. பட்டறையே தலையைக் குனிந்தது, பிறகு சிரித்தது.

"பாம்புக்காது சீறிடுச்சுடோய்!"

அவளும் சிரித்தாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் மேசை டிராயரிலிருந்து, பிடிப்பதற்கு முனையில் டேப் சுற்றிய பழைய முழுக் கீயை எடுத்தாள். இன்றைக்கு மட்டும், என்று நினைத்துக்கொண்டாள். விரல் நீள இரும்பில் பாதி என்ன செய்துவிடும்? இன்றைக்கு மட்டும் என்பது நாளைக்கும் ஆயிற்று. வெளியே போன மோட்டார்களைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, பிறகு அதை நினைப்பதே நின்றுபோயிற்று. சாயங்காலம் அந்தக் கீ அவளுடைய நீலக் கோட்டின் பாக்கெட்டில் விழும், காலையில் வெளியே வரும்.

ஒருநாள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே மருமகள் கேட்டாள்: "அத்தை, நீங்க கட்டுறது முழுக் கீ மாதிரி இருக்கே?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரோட்டர் சுத்தினவ. எனக்குக் கத்துக் குடுக்கிறியா?"

"இல்ல அத்தை, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குறவ பால் பொங்குதான்னு பாரு."

பால் பொங்கத்தான் பொங்கியது. அதைத் துடைத்ததில் பேச்சு அதோடு போயிற்று.

பிறகு ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நாள் குறைந்து பிறந்த பிஞ்சுகளை வைத்துக் காப்பாற்றும் அறைக்குக் காற்றூதும் புளோயர்கள். சத்தம் கூடாது, அதிர்வு கூடாது. அந்தக் குழந்தைகள் தூங்கினால்தான் தேறும் என்று ஆஸ்பத்திரி இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். பட்டறையே பயபக்தியோடு அந்த வேலையைச் செய்தது. முதல் புளோயரைக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஃபிட்டர் அவனுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். அடியில் ரப்பர் தகடு கொடுத்தான். மோட்டாரின் நாலு காலும் பலகையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திப் பார்த்தான். ஓடும்போதே சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினான். மின்சாரத்தால் வரும் இரைச்சல் என்றால் சுவிட்சோடு செத்துவிடும். இது சாகவில்லை, வேகம் குறையக் குறைய மெதுவாகத்தான் அடங்கியது. ஆக, எங்கேயோ கனம் ஒதுங்கியிருக்கிறது.

பாம்புக்காது தன் தேநீர் டம்ளரை எடுத்துவந்து மோட்டாரின் தலையில் வைத்தாள். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, தண்டில் தன் கீயை வைத்து டேப் சுற்றி, மோட்டாரைத் தனியாக ஓடவிட்டாள். டம்ளரில் தேநீர் கண்ணாடி மாதிரி நின்றது. சக்கரத்தை மாட்டச் சொன்னாள். தேநீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்தது.

"மோட்டார் தனியா பூனை மாதிரி இருக்கு. சக்கரத்தை மாட்டினா பேய் புடிக்குது. அப்போ பேய் எங்க இருக்கு?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாள்.

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள்.

"சக்கரத்தை மூணு தடவை பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு" என்றாள் மருமகள்.

"சரியா இருந்தா ஏன் திரும்பி வருது? வீட்டு ஆளுன்னு நான் மூடி மறைக்க மாட்டேன். கை சுத்தமா வேலை செய்யணும்."

அந்தச் சொல்லை அவளே சொன்னாள். சொல்லும்போது தான் ஒரு காலத்தில் மகனிடம் சொன்ன அதே சொல் என்று உறைக்கவில்லை. வேறு சக்கரம் மாட்டினார்கள். அதுவும் உதறியது. "எல்லாச் சக்கரமும் ஒரே கைதானே" என்றாள் பாம்புக்காது. கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பழமொழி சொன்னவன் மேல்தான் கோபம் வந்தது.

வீட்டிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. உப்பு கூடினால், "கணக்கா போடத் தெரியாதா? அங்கேயும் அப்படித்தான்." கதவைப் படீரென்று சாத்தினால், "அதிர்வு இங்கேயும் வந்தாச்சு." மருமகள் அடுத்த பாத்திரத்தைக் கழுவ எடுத்தாள். மகன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அப்பா அவனிடம், "என்னடா, வாயைத் தொறக்க மாட்டியா?" என்றதற்கு, "ரெண்டு பக்கமும் காந்தம்ப்பா. நடுவுல இருக்கிறவன் சுத்தத்தான் முடியும்" என்றான். அவன் மனைவி அன்றுதான் கடைசியாகச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரி இன்ஜினியர் நேரிலேயே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பெண்களையும் பார்த்து, பெரிதாக எதையும் எதிர்பார்க்காதவர் போல, "ரெண்டு பேரும் அரைக் கீ வச்சுத்தானே பேலன்ஸ் பண்றீங்க?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் மருமகள்.

"ஆமா" என்றாள் பாம்புக்காது.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தச் சொல் அவளுடைய காதுக்குள் போயிற்று. மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டுப் பாக்கெட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான். பாம்புக்காதின் தொடையோரம் அந்த இரும்பு கனத்தது. ரோட்டர் முழுக் கீக்குக் கணக்குப் பார்த்திருக்கிறது. சக்கரம் அரைக் கீக்குக் கணக்குப் பார்த்திருக்கிறது. மாட்டியிருப்பதோ ஒரே ஒரு கீ. இல்லாத அரைக் கீயின் கனத்துக்கு எதிர்க்கனம் கொடுத்துக்கொண்டுதான் மோட்டார் உதறுகிறது. தனியாக ஓடவிட்டபோதும் அதே முழுக் கீயைத்தான் அவள் தண்டில் கட்டினாள். பூனை மாதிரி இருக்காமல் என்ன செய்யும்? ஒரு குழந்தைக்குப் புரியும் கணக்கு. இத்தனை நாள் அது அவளுக்குத் தோன்றாததல்ல விஷயம். இப்போது தோன்றிவிட்டது, வாய் திறக்கவில்லை. அதுதான் விஷயம்.

திறந்திருக்கலாம். "இருங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றால் முடிந்தது. சுற்றிலும் முகங்கள். ஃபிட்டர், காவலாளி, பழமொழிக்காரன். இன்ஜினியர் "அப்போ சக்கரத்துலதான் ஏதோ" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

வார முடிவில் சூப்பர்வைசர் மருமகளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போகச் சொன்னார். சக்கர மேசைக்கு வேறு ஆள் வரும். அவள் மேசையைத் துடைத்தாள், துணியை நாலாக மடித்து வைத்தாள், வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு பையில் துணியை எடுத்து வைத்தாள்.

"அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன் அத்தை."

"எப்போ வருவே?"

"தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்பது போலச் சொன்னாள். மகன் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அம்மாவைப் பார்க்காமல் படுக்கப் போனான். கணவர் மட்டும், "என்ன, வீடு ரொம்ப அமைதியா இருக்கு?" என்றார். அவர் காதுக்கே அது எட்டியிருந்தது.

ஞாயிறு காலையில் துணி துவைக்க ஆளில்லை. பாம்புக்காது தானே வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டை நனைக்குமுன் பாக்கெட்டில் கை விட்டாள். கீ வந்தது. அதன் ஒரு முனையில் பிடி வழுக்காமலிருக்கச் சுற்றிய டேப். அதைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு டேப் சுற்றத் தெரியாது. இழுத்து இரண்டு சுற்று, பல்லால் ஒரு கடி, அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் பாதி ஏறியிருந்தது. பிசிறு இல்லை. வாராவாரம் இந்தக் கோட்டைத் துவைத்தவள் மருமகள். வாராவாரம் பாக்கெட்டிலிருந்து இதை எடுத்து, அழுக்கு டேப்பைப் பிய்த்துவிட்டுப் புது டேப் சுற்றி, கோட்டு காய்ந்த பிறகு மறுபடி உள்ளே போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துக் கட்டும்போது டேப் புதிதாக இருப்பது பாம்புக்காதின் கண்ணில் பட்டதே இல்லை.

ஆக, மருமகளுக்கு எல்லாம் தெரியும். "கை சுத்தமா வேலை செய்யணும்" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னபோதும் தெரியும். ஒரு வார்த்தை போதும், "அத்தை பாக்கெட்டைப் பாருங்க" என்று. சொல்லவில்லை. அதற்கும் முன்னால், அடுப்படியில், சொல்லத்தான் செய்தாள். அடுத்த தெரு முணுமுணுப்பு விழுகிற காதில் அது ஏறவில்லை.

பாம்புக்காதுக்கு அழுகை வரவில்லை. காதுமடல் இரண்டும் சூடாக எரிந்தன, அவ்வளவுதான். யாரும் பார்க்காத அந்தத் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டு, பட்டறை முழுவதும் தன்னைப் பார்ப்பது போல முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருக்கலாம். காப்பாற்றப்பட்டிருக்கிறோம் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திங்கட்கிழமை அவள் மருமகளுக்கு முன்பே பட்டறைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி மோட்டாரைப் பிரிக்கச் சொல்லி, ரோட்டரை வாங்கித் தன் தாங்கிகளில் ஏற்றினாள். அரைக் கீயை வைத்து, நிதானமாக டேப் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றும் முந்தினதன்மேல் பாதி. கோணலாகத்தான் வந்தது. சுழற்றினாள். பூனை மாதிரி இருந்த ரோட்டரில் முள் எகிறி விழுந்தது. அடித்த வாஷரைப் பிடுங்கி, சின்னதாக ஒன்றை ஏற்றி, முள் நிற்கும்வரை பார்த்தாள்.

மருமகள் அம்மா வீட்டிலிருந்து நேரே வந்து, பேக்கிங் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பாம்புக்காது கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஃபிட்டரிடம், "மருமக பண்ணின சக்கரம் எதையாவது கொண்டுவந்து மாட்டு. தேட வேண்டாம், கைக்குக் கிடைக்கிறதை எடு" என்றாள். சூப்பர்வைசரை வரச் சொன்னாள். மோட்டாரின் தலையில் தேநீர் டம்ளரை வைத்தாள்.

சுவிட்சைப் போட்டான் ஃபிட்டர். சக்கரம் மங்கி மறைந்து காற்று மட்டும் வந்தது. தேநீரில் ஒரு சுருக்கம் இல்லை. ஓடுகிறதா என்று ஃபிட்டர் மோட்டார்மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"என்னக்கா பண்ணீங்க?"

அவள் பாக்கெட்டிலிருந்து முழுக் கீயை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை வச்சுத்தான் பண்ணிட்டு இருந்தேன். சக்கரத்துல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் என் மேசையில."

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "பழக்கதோஷம். இன்ஜினியர் கேட்டப்போ உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது" என்று ஒரு வழி விட்டுக்கொடுத்தார்.

அந்த வழியாகப் போயிருக்கலாம். பேக்கிங் வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"ஞாபகம் இருந்துச்சு சார். தெரிஞ்சுதான் ஆமான்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. அன்று அரைக் கீ பறந்தபோது சிரித்தார்களே, அது போல இப்போதும் சிரித்துத் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. ஃபிட்டர் தேவையே இல்லாமல் ஒரு போல்ட்டை இறுக்கினான். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருமகளே, நீ உன் மேசைக்கு வாம்மா" என்றார். பிறகு பாம்புக்காதிடம், அவளைப் பார்க்காமல், "நீங்க இதுவரைக்கும் போன ரோட்டரையெல்லாம் திரும்பப் பண்ணணும். அதுவரைக்கும் கையெழுத்து நான் போடுறேன்" என்றார். இனி அவள் பார்த்த ரோட்டரை இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். அவள் தலையாட்டினாள்.

மருமகள் அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். பாம்புக்காதைக் கடக்கும்போது நிற்கவில்லை. நாலாக மடித்த துணியைப் பிரித்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் பாம்புக்காது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மருமகள் எந்தப் பஸ்ஸில் ஏறுவாள் என்று பார்க்கத் துணிவில்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏறினாள், அதே பஸ்தான், இரண்டு இருக்கை தள்ளி. இறங்கி நடக்கும்போது ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். வாசலில் மாமனார், "வந்துட்டியாம்மா?" என்றார். "வந்துட்டேன் மாமா" என்று அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னாள் மருமகள்.

பாம்புக்காது அடுப்படி வாசலில் நின்றாள். சொல்ல நினைத்ததைப் பஸ்ஸில் வரும்போதே கட்டி வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் நிற்கவில்லை, அவள் சுற்றும் டேப் மாதிரி அவிழ்ந்து தொங்கியது.

"அன்னிக்கு நீ கேட்டே. பால் பொங்குச்சு" என்றாள்.

"ம்."

"நான்..."

"அத்தை, கோட்டைக் கழட்டிக் குடுங்க. கிரீஸா இருக்கு."

கழற்றிக் கொடுத்தாள். மருமகள் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல பாக்கெட்டில் கை விட்டாள். வெறுமையாக இருந்தது. ஒருதடவை உள்புறத்தை வெளியே இழுத்து உதறிப் பார்த்தாள்.

"இனிமே நீங்களே பாக்கெட்டைப் பாத்துட்டுப் போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போனாள்.